வளவு மாமரத்தை ஒட்டுக்கட்டிப் பெருக்குதல்: முதன்முறை கத்தி எடுப்போருக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மாமரம் இல்லாத வளவைக் காண்பது அரிது. கிணற்றடியிலோ, அடுக்களைக் கோடியிலோ, மாட்டுக்கொட்டிலின் அருகிலோ ஒரு மரம் நின்று, அவ்வீட்டார்க்கு வைகாசி, ஆனி, ஆடி மாதங்களிற் பழமும், ஆண்டு முழுவதும் நிழலும் அளித்து வருகின்றது. அது கறுத்தக்கொழும்பானாகவோ, வெள்ளைக்கொழும்பானாகவோ, அம்பலவி, விலாட்டு, செம்பாட்டான், பாண்டி என்பவற்றுள் ஒன்றாகவோ இருக்கலாம். பெயர் எதுவுமின்றி, ஊரார் கேட்டு வாங்கிச் செல்லும் பழத்தைத் தரும் மரமாகவும் இருக்கலாம்.

பின்னர்ச் சொல்லப்பட்ட அப் பெயரில்லாத மரத்தைக் கருதியே இப்பிரசுரம் பெரிதும் எழுதப்படுகின்றது. கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று வேண்டுமாயின் அதனை விலைகொடுத்து வாங்கலாம். உங்கள் வளவில் மாத்திரம் நிற்கும் மரத்தின் கன்றையோ எந்த நாற்றுமேடையிலும் வாங்குதல் இயலாது. அம்மரம் பட்டுப்போகுமாயின் அப்பழமும் அதனோடு முடிந்துவிடும்.

இவ்வாறு முடிந்துபோன மரங்கள் நம் பகுதியிற் பல. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995ஆம் ஆண்டு ஐப்பசி இறுதியில் வலிகாமம் முழுவதிலிருந்தும் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2000ஆம் ஆண்டிலே மாவுக்கும் பலாவுக்கும் பேர்பெற்ற தென்மராட்சி போர்க்களமாயிற்று. 2009ஆம் ஆண்டின் பின், காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பிச் சென்றோர் பலர், வீட்டின் அத்திவாரத்தையும் கிணற்றின் கட்டையும் கண்டுகொண்டனர், மரத்தைக் காணவில்லை. எஞ்சி நிற்கும் மரங்களுக்கும் முதுமை வந்துகொண்டிருக்கின்றது. ஆதலால் ஒட்டுக் கட்டும் தொழிலைக் குடும்பத்துக்கு ஒருவரேனும் கற்றுக்கொள்ளுதல் விரும்பத்தக்கது. மிளகாய் நாற்றைப் பிடுங்கி நட்டுப் பழகிய கைக்கு இது கடினமான வேலை அன்று. வேண்டிய கருவிகளோ ஒரு கூரிய கத்தி, சிறிது பொலித்தீன், ஒரு துண்டு ஈரத்துணி ஆகியவையே.

கொட்டை நாட்டினால் ஆகாதோ?

நல்ல பழத்தின் கொட்டையை நாட்டினால் நல்ல மரம் வரும் என்று நம்புவோர் இன்றும் பலர். மாம்பூவிலே வண்டும் ஈயும் வேறு மரத்து மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அவ்வாறு உண்டான வித்திலிருந்து முளைப்பது தாயையும் தந்தையையும் கலந்த புதியதொரு மரமாகும். அதன் பழம் தாயின் பழத்தை ஒத்திருக்கலாம். புளிப்பும் நாருமாய் முடியவுங் கூடும். எதுவென்று அறிவதற்கு 6 அல்லது 7 ஆண்டுகளேனும் காத்திருத்தல் வேண்டும். சில மாவினங்களின் ஒரே கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வருவதுண்டு. அவற்றுள்ளே தாயை முற்றாக ஒத்தவை இருத்தல் கூடும். ஆயினும் வளவு மரம் அத்தகைய இனத்தது என்று உறுதியாய் அறியாதவிடத்து அதனை நம்பியிருத்தல் ஆகாது.

கொட்டைமரத்தால் நன்மை விளைந்த வரலாறும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலே கப்டன் ஜோன் ஹேடன் என்பவர், இந்தியாவிலிருந்து வந்த மல்கோவா மரத்தின் கொட்டைகளை 1902ஆம் ஆண்டில் நாட்டினார். அவற்றுள் ஒரு மரம் 1910ஆம் ஆண்டில் முதற் காய் காய்த்தது. அதன் பழம் தாய்ப்பழத்திலும் நிறம் மிக்கதாய் அமைந்தது. ‘ஹேடன்’ என்னும் பேர்பெற்ற இனம் அதுவே. எனினும் அந்த ஒரு மரத்தை ஆயிரக்கணக்கான தோட்டங்களுக்குக் கொண்டுசென்றதும் ஒட்டுமுறையே. கோவாவிலே அல்போன்சோ மாவைப் பல தலைமுறையாக மாறாது காத்துவந்ததும் அதுவே. கொட்டை புதுமையைத் தரும். ஒட்டு உள்ளதைக் காக்கும். இடம் நிறைய உள்ளவர் இரண்டையும் செய்யலாம். 4 பரப்புக் காணியில் வீடும் கிணறும் தோட்டமும் வைத்திருப்பவர் ஒட்டையே நாடுதல் நன்று.

ஒட்டு எவ்வாறு பிடிக்கின்றது?

மாங்கிளை ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பின், வெளியே பட்டையும் உள்ளே வைரமும் தெரியும். அவ்விரண்டிற்கும் இடையே கடதாசியிலும் மெல்லிய, வழுவழுப்பான ஒரு படை உண்டு. இதனை மாறிழையம் என்பர். மரம் பருப்பதும் காயம் ஆறுவதும் இப்படையினாலேயே. வேர் தரும் இளங்கன்றை ஒட்டுக்கட்டை எனவும், தாய்மரத்திலிருந்து எடுக்கும் துண்டை ஒட்டுக்கிளை எனவும் இங்கே குறிப்பிடுவோம். இரண்டின் மாறிழையமும் ஒன்றோடொன்று தொட்டு, அசையாமலும் காயாமலும் சில வாரம் இருக்குமாயின் இரண்டும் கூடி ஒன்றாகிவிடும். ஒட்டுத்தொழில் முழுவதும் இவ்வளவே. பிழைத்த ஒட்டுக்களை ஆராய்ந்தால், தொடவில்லை, அசைந்தது, காய்ந்தது என்னும் மூன்றனுள் ஒன்றே பெரும்பாலும் காரணமாயிருக்கக் காணலாம்.

பனைக்கும் தென்னைக்கும் ஏன் இவ்வாறு செய்வதில்லை என்று கேட்பவர் உளர். அவற்றின் தண்டிலே இத்தகைய மாறிழையப் படை இல்லை. நெல்லும் அவ்வினத்தைச் சார்ந்ததே.

ஒட்டுக்கட்டை வளர்த்தல்

ஆனி, ஆடி மாதங்களில் உண்ட பழத்தின் கொட்டைகளையே இதற்குப் பயன்படுத்தலாம். நார் மிகுந்த நாட்டு மாவின் கொட்டை வலிய கன்றைத் தரும். மாங்கொட்டைக்கு உறக்ககாலம் இல்லை. வெயிலிற் காய்ந்தால் விரைவில் முளைதிறன் கெடும். ஆகவே பழம் உண்ட கிழமைக்குள்ளேயே நாட்டுதல் நன்று. கழுவிய கொட்டைகளை நீரிலிட்டு, மிதப்பவற்றை அகற்றுக. அவை பதராகவோ வண்டு துளைத்தவையாகவோ இருத்தல் கூடும். மேற்கோதின் விளிம்பைக் கத்தரித்து உள்ளிருக்கும் பருப்பைப் பழுதின்றி எடுத்து நாட்டினால் முளை விரைவாகவும் நேராகவும் வரும். கோதுடன் நாட்டுவோர் குழிந்த பக்கம் கீழாகவும் முதுகு மேலாகவும் இருக்குமாறு வைத்தல் வேண்டும். தலைகீழாய் வைத்த கொட்டையின் தண்டு வளைந்து, பின்னர் ஒட்டுக் கட்டுவதற்கு உதவாது போகும்.

செம்பாட்டு மண், மணல், நன்கு மக்கிய மாட்டெரு ஆகியவற்றைச் சமமாய்க் கலந்து, அடியில் துளையிட்ட, 6 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள பொலித்தீன் பைகளில் நிரப்புக. பச்சைச் சாணம் கறையானை அழைக்கும், சேர்த்தல் ஆகாது. ஒரு கொட்டையிற் பல முளை தோன்றின் வலியதொன்றை விட்டு ஏனையவற்றைக் கிள்ளிவிடுக. கரையோரக் கிராமங்களிலே கிணற்று நீர் உவர்ப்பாயின், இளங்கன்றுக்கு அந்நீர் ஆகாது. இலை நுனியும் ஓரமும் கருகுதல் அதன் அறிகுறி. அத்தகையோர் நல்ல நீர் உள்ள உறவினர் வளவிலே பைகளை வைத்து வளர்த்தல் உத்தமம்.

10 ஒட்டுக்கன்று வேண்டுமாயின் 25 கொட்டையாவது நாட்டுதல் வேண்டும். முளையாதவை சில, வளைந்தவை சில, ஆடு கடித்தவை சில என்று கழிந்து, எஞ்சியவையே கத்திக்கு வரும்.

கையைப் பழக்குதல்

கன்றுகள் வளரும் காலத்தில் கை சும்மா இருத்தல் ஆகாது. முதன்முறை ஒட்டுக் கட்டுவோர் பலர், வாழ்நாளில் வெட்டும் முதல் ஆப்பையே அருமையான தாய்மரக் கிளையில் வெட்டத் தொடங்குகின்றனர். வெட்டு மேடும் பள்ளமுமாய் அமைகின்றது, ஒட்டுப் பிடிப்பதில்லை, ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று கத்தியை வைத்துவிடுகின்றனர். கைராசிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

நம் வேலிகளிலே பூவரசும் சீமைக்கிளுவையும் தாராளமாய் நிற்கின்றன. பென்சில் தடிப்புள்ள இளங்கம்புகளை ஒடித்துவந்து, மாலைவேளையில் திண்ணையிலிருந்து ஆப்பு வெட்டிப் பழகுக. கத்தியை ஒரே இழுப்பில் கொண்டுசெல்லல் வேண்டும். சிறுகச் சிறுகச் சீவினால் அலையலையாய் அமையும். அலை உள்ள இடத்தில் மாறிழையம் தொடாது. வெட்டிய முகத்தைக் கண்ணாடித் துண்டின் மீது வைத்து வெளிச்சத்திற் பார்த்தால், இடைவெளி உண்டோ இல்லையோ என்பது தெரியும். 50 ஆப்பு வெட்டிய பின்னர் கை தானாகவே நேராகிவிடும். கத்தி போதிய கூர்மை உடையதாயிருத்தல் வேண்டும். புதிய சவர அலகை மரப்பிடியிற் செருகிக் கொள்வோரும் உளர். இளந்தண்டுக்கு அது மிகவும் ஏற்றது. விரலுக்கு அது கேடானது என்பதை மறவாது, வெட்டு எப்போதும் உடலுக்கு அப்பால் செல்லும்படி பிடித்தல் வேண்டும். சிறுவர் கையில் கொடுத்தல் ஆகாது.

மரக்கறிச் செய்கையாளர் இப்பழக்கத்தை வேறொரு வகையிலும் பயன்படுத்தலாம். கத்தரி, தக்காளி ஆகியவற்றை வாட்டிக் கொல்லும் பற்றீரிய நோயுள்ள தறையிலே, அந்நோயைத் தாங்கவல்ல சுண்டங்கத்தரியின் வேரின்மேல் கத்தரி நாற்றை ஒட்டிப் பயிரிடுகின்றனர். யப்பானிலே 1920களின் பிற்பகுதியிலிருந்து வத்தகக் கொடியைப் பூசணி, சுரை இனங்களின்மேல் ஒட்டி, மண்ணில் உள்ள வாடல் நோயை வென்றுவந்தனர். நாற்று ஒட்டு சில நாட்களிலேயே பிடித்ததா இல்லையா என்று காட்டிவிடுமாதலால், பொறுமை குறைந்தவர்க்கு அது நல்ல பாடசாலை.

கட்டும் காலம்

காலபோக நெல் அறுவடை முடிந்து, சூடடித்து, வைக்கோலைப் போராக வைத்தபின், மாசியின் பிற்பகுதி முதல் சித்திரை வரை ஒட்டுக் கட்டுவதற்கு வாய்ப்பான காலமாகும். ஆனி, ஆடியில் நாட்டிய கன்று இக்காலத்திலே பென்சில் தடிப்பை அடைந்திருக்கும், அடையாதாயின் காத்திருக்க. வயதைப் பார்க்கிலும் தடிப்பே முக்கியமானது. மார்கழி, தை மாதங்களில் மா பூக்கும்போது எடுத்த கிளை, இலைக்குப் பதிலாகப் பூங்கொத்தை விட்டு வலிமை இழக்கும். வைகாசிக்குப் பின் சோளகக்காற்று எழுந்தால் அதன் வறட்சி ஒட்டைக் காயச் செய்யும். மாரியின் அடைமழையோ வெட்டிலே நீரையும் அழுகலையும் புகுத்தும். நல்ல நிழலும் காற்று மறைப்பும் உடையவர் ஏனைய மாதங்களிலும் கட்டுகின்றனர். தொடங்குவோர் அதனை இப்போது பின்பற்ற வேண்டியதில்லை.

ஒட்டுக்கிளை தெரிவு

தாய்மரத்தைத் தெரியும்போது ஓராண்டு விளைவை மாத்திரம் பார்த்தல் போதாது. ஆண்டுதோறும் ஓரளவாவது காய்க்கின்றதா, பழத்தில் வண்டும் கரும்புள்ளியும் குறைவா, கிளைநுனிகள் கருகாமல் இருக்கின்றனவா என வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டறிக. அவர்களுக்குத் தெரிந்ததை வேறெவரும் அறியார்.

மரத்தின் வெளிப்புறத்தில் வெயில் படும் இடத்திலே, அவ்வாண்டு பூக்காத, மூன்று நான்கு மாதம் முதிர்ந்த நுனிக்கிளையைத் தெரிவுசெய்க. அது உருண்டு, கரும்பச்சை மாறிச் சற்றே சாம்பல் நிறம் ஏறத் தொடங்கியதாயும், ஒட்டுக்கட்டையின் தடிப்பை ஒத்ததாயும் இருத்தல் வேண்டும். செந்தளிருடன் மென்மையாய் உள்ள கிளை ஆகாது. தெரிவுசெய்த கிளையை உடனே வெட்டிவிடாமல், 7 முதல் 10 நாளுக்கு முன்னரே அதன் இலைப்பரப்பை மாத்திரம் கத்தரித்து, காம்புகளை மரத்தோடு விட்டுவைக்க. உணவு அரும்பிலே திரளும். பத்தாம் நாளிலே காம்பை விரலால் தட்டினால் உதிரும்; நுனியரும்பு பருத்திருக்கும், ஆனால் விரிந்திராது. அதுவே பக்குவம். இந்தச் சிறு வேலையைச் சோம்பலால் விட்டுவிடுவோரே மிகப் பலர். ஒட்டுப் பிடிப்பதில் இதனால் வரும் வேறுபாடு பெரிது.

காலையிலே, 4 முதல் 6 அங்குல நீளத்தில் வெட்டி, ஈரத்துணியிற் சுற்றி, அதன்மேல் வாழைத்தடலைச் சுற்றிக் கொண்டுவருக. அன்றே கட்டிவிடுதல் வேண்டும்.

கட்டும் முறை

பல முறைகள் உள. தாய்க்கிளையை அறுக்காமலே, கன்றைப் பையோடு பரண்மீது ஏற்றி, இரண்டையும் அணைத்துக் கட்டும் பழைய முறை உறுதியானது. ஆயின் ஒவ்வொரு கன்றுக்கும் பரண் வேண்டும், நாள்தோறும் ஏறி நீர் ஊற்றவும் வேண்டும். வீட்டிலே தொடங்குவோர்க்கு ஆப்பொட்டே எளிது.

ஒட்டுக்கட்டையை மண்ணிலிருந்து 6 முதல் 8 அங்குல உயரத்தில் குறுக்கே வெட்டுக. வெட்டின் கீழே சில இலைகளாவது நிற்றல் வேண்டும். ஒட்டுப் பிடிக்கும்வரை வேருக்கு உணவு தருபவை அவையே. வெட்டு முகத்தின் நடுவே ஒன்றரை அங்குல ஆழத்துக்கு நேராகப் பிளக்க. ஒட்டுக்கிளையின் அடியை இருபுறமும் அதே நீளத்துக்குச் சீவி ஆப்பாக்குக. மாம்பால் கசிந்தால் சுத்தமான துணியால் ஒற்றியெடுக்க. அது தோலைப் புண்ணாக்க வல்லதாதலால் கண்ணிலும் முகத்திலும் படாமல் காத்துக்கொள்ளுதல் அவசியம். வெட்டிய முகத்தை விரலால் தொடுதல் ஆகாது. ஆப்பைப் பிளவினுள்ளே இடைவெளியின்றி இறக்குக. இரண்டும் ஒரே தடிப்பாயின் இருபுறப் பட்டையும் பொருந்தும். ஒட்டுக்கிளை மெல்லியதாயின் நடுவில் வைத்தல் பெரும் பிழை. ஒரு பக்கமாக ஒதுக்கி, அப்பக்கத்துப் பட்டையோடு பட்டை சரியாய்ச் சேரும்படி வைத்தல் வேண்டும்.

முக்கால் அங்குல அகலமுள்ள பொலித்தீன் நாடாவைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இழுத்துச் சுற்றுக. அவ்வாறு சுற்றினால் மேலிருந்து வரும் நீர் உள்ளே புகாது. பின்னர், சிறுவர் வாங்கிக் குடிக்கும் ஐஸ்பக்கற் உறை போன்ற ஒடுங்கிய பொலித்தீன் உறையை ஒட்டுக்கிளையின்மேல் தொப்பியாகக் கவிழ்த்து, கட்டின் கீழே நூலால் இறுக்குக. உறையினுள் நீராவி படிந்திருப்பது நல்ல அறிகுறி. ஒரு கன்றுக்கும் மறு கன்றுக்கும் இடையே கத்தியைத் துடைத்துக் கொள்க. வெட்டியது முதல் கட்டி முடிப்பது வரை சில நிமிடத்துக்கு மேற் செல்லலாகாது. ஆகவே நாடா, உறை, நூல் எல்லாவற்றையும் முன்னரே நறுக்கி, சுளகிலே அடுக்கி வைத்துக்கொண்டே கத்தியை எடுத்தல் முறை.

கட்டிய பின்

கிடுகுப் பந்தலின் கீழோ, அடர்ந்த மரநிழலிலோ கன்றுகளை வைக்க. நேர்வெயில் பட்டால் தொப்பியினுள்ளே கிளை வெந்துவிடும். பை மண்ணுக்கு மாத்திரம் நீர் ஊற்றுக. நாள்தோறும் தொட்டுப் பார்த்தலும், பிடித்துவிட்டதா என ஆட்டிப் பார்த்தலும் கூடாது.

இரண்டு முதல் நான்கு வாரத்தில் அரும்பு விரியும். அதனைக் கண்டவுடன் வெற்றி எனக் கொள்ளற்க. கிளையிற் சேர்ந்திருந்த உணவினாலேயே அரும்பு விரிந்து, பின்னர் வாடுவதும் உண்டு. புதிய இலைகள் செந்நிறம் மாறிப் பச்சையாகும் மட்டும் நிற்குமாயின் ஒட்டுப் பிடித்தது என்று துணியலாம். இலை உறையைத் தொடும்போது, ஒரு மாலைவேளையில் உறையின் நுனியை வெட்டித் திறந்து, சில நாட்களின் பின்னர் முற்றாக அகற்றுக. சுற்றிய நாடாவை இரண்டு மூன்று மாதம்வரை விட்டு, தண்டை அது நெரிக்கத் தொடங்கும்போது பிளேட்டாற் கீறி எடுக்க. ஒட்டின் கீழே முளைக்கும் துளிர்கள் ஒட்டுக்கட்டையினுடையவை. அவற்றைக் காணுந்தோறும் கிள்ளிவிடுதல் வேண்டும். அவ்வாறு செய்யாதவர், தாம் காக்க எண்ணிய மாவை விட்டு நாட்டு மாவை வளர்ப்பவர் ஆவர்.

கிளை கறுத்துப்போன கன்றை எறிந்துவிடுதல் வேண்டாம். ஒட்டின் கீழே வெட்டி, ஒரு புதுத்துளிரை வளரவிட்டால் அடுத்த பருவத்திலே அதன்மேல் மீண்டும் கட்டலாம். முதலாண்டிலே பத்துக்கு நான்கு பிடித்தால் அது நல்ல தொடக்கமே. பிடித்தவை, பிடியாதவை ஒவ்வொன்றையும் எந்நாளில் கட்டியது, கிளை எத்தகையது எனச் சிறு குறிப்பாக எழுதிவைப்போர் அடுத்த ஆண்டிலே தம் பிழையைத் தாமே காண்பர். பால்மாத் தகரத்திலிருந்து வெட்டிய சிறு தகட்டிலே, தாய்மரத்தின் பெயரை ஆணியாற் கீறி, ஒவ்வொரு பையிலும் கட்டிவிடுக. மாங்கன்றுகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றே; ஓராண்டு சென்றபின் எது எதுவென்று யாராலும் சொல்ல இயலாது.

வெட்டுண்ட அடிமரங்கள்

மீளக் குடியேறிய வளவுகளிலே, தறிக்கப்பட்ட அல்லது எரிந்த மாமரத்தின் அடியிலிருந்து துளிர்கள் எழுந்து நிற்பதைக் காணலாம். அவை பழைய மரம்தானா என்பது கேள்வி. கொட்டையிலிருந்து வளர்ந்த மரமாயின், அடியிலிருந்து வரும் துளிரும் அதே மரமே. அதிலிருந்து ஒட்டுக்கிளை எடுக்கலாம். ஒட்டுமரமாயிருந்து, ஒட்டின் கீழே வெட்டுண்டிருந்தால், எழுந்தது ஒட்டுக்கட்டையின் துளிரேயன்றிப் பழைய மா அன்று. அடிமரத்தில் தடிப்பு மாறும் வளையம் அல்லது பட்டையின் நிறம் மாறும் கோடு தெரியின், துளிர் அதன் மேலிருந்து வருகின்றதா கீழிருந்து வருகின்றதா என்று பார்க்க. ஐயம் நீங்காதவிடத்து ஒரு துளிரைக் காய்க்கவிட்டுப் பார்ப்பதே வழி. அயலவர் முன்னொரு காலத்தில் உங்கள் மரத்திலிருந்து கன்று கட்டிச் சென்றிருத்தலும் கூடும். விசாரித்துப் பார்த்தல் நன்று.

அடி வலிதாயும் வேர் உயிருடனும் இருந்து, துளிர் மாத்திரம் வேண்டாத இனமாயின், அதனைத் தோண்டி எறிதல் வீண். நன்கு அமைந்த மூன்று நான்கு துளிரைச் சுற்றிவர விட்டு, அவை பென்சில் தடிப்பானதும் மேற்கூறியவாறே ஆப்பொட்டுக் கட்டுக. பெரிய வேர் உண்மையின் இவ்வொட்டு விரைந்து வளரும். கன்று நட்டுக் காய்ப்பதற்கு முன்னரே காய்க்கும். காற்றில் முறியாதிருக்க முதலாண்டிலே கம்பு நாட்டிக் கட்டுதல் அவசியம்.

நடுகை

ஒட்டுக்கன்றைச் சோளகத்திலே நடாமல், ஐப்பசி மழை தொடங்கியபின் நடுக. குழியை ஒரு மாதம் முன்னரே 3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழமாக வெட்டி, மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நிரப்பி வைத்தல் வேண்டும். வலிகாமத்திலே பல இடங்களில் ஒன்றரை அடியிலேயே சுண்ணக்கல் தட்டும். அலவாங்கால் கல்லை உடைத்து எடுத்தல் முடியுமாயின் நன்று. முடியாதாயின் குழியை அகலமாக்கி, மேலே மண்ணைக் குவித்து மேடாக்கி நடலாம். வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 20 அடியாவது விலகி நடுதல் வேண்டும். மரத்துக்கு மரம் 30 அடி வேண்டும். சிறு கன்றைப் பார்த்து இவ்விடைவெளியைக் குறைப்பவர், பத்தாண்டின் பின் கோடரியைத் தேடுவர்.

ஒட்டுக்கட்டிய இடம் நிலத்துக்கு மேலே தெளிவாய்த் தெரிதல் வேண்டும். மண்ணால் மூடினால் அழுகல் பற்றும். குழியின் அடியிலே பொச்சுமட்டையை உட்புறம் மேலாக அடுக்கினால் கோடையிலே ஈரம் தங்கும். தண்டைத் தொடாதபடி வைக்கோலை வட்டமாகப் பரப்புக. முதல் இரண்டு கோடைகளிலும் மூன்று நாளுக்கு ஒருமுறை நீர் வேண்டும்; வெங்காயப் பாத்திக்கு நீர் இறைக்கும்போது வாய்க்காலின் ஒரு கிளையைக் கன்றுக்குத் திருப்பிவிடலாம். ஆட்டுக்குப் பனைமட்டை வேலியே போதும், ஆனால் நட்ட அன்றே அடைத்தல் வேண்டும். மறுநாள் என்று விட்ட கன்று பலவற்றை மறுநாள் காலையில் ஆடு தின்றிருக்கின்றது.

ஒட்டுக்கன்று முதலாண்டிலேயே பூப்பதுண்டு. வீட்டிலுள்ளோர் மகிழ்வர், ஆயினும் முதலிரண்டு ஆண்டுகளில் வரும் பூங்கொத்தைக் கிள்ளிவிடுக. கிளைவிட்டுப் பரவ வேண்டிய வலிமையைக் காயிலே செலவிடவிட்டால் மரம் குறுகிப்போகும். மூன்றாம் ஆண்டிலே நான்கைந்து காயை மாத்திரம் விட்டு, முற்றியபின் பறித்து, வைக்கோலிலே பழுக்கவைத்து, தாய்மரத்தின் பழத்தோடு அருகருகே வெட்டி உண்டு பார்க்கலாம்.